பேஷன், பாசம், பாடு: ஒரே சொல்லின் பின்னால் மூன்று வாரம்

கேள்வி, மார்ச் 2
ஆங்கிலத்தில் பேஷன் என்கிறார்களே, உயிரைக் கொடுத்துச் செய்கிற ஈடுபாடு, தீராத ஆசை என்ற பொருளில், அது நம் 'பாசம்' என்ற சொல்லிலிருந்து போனது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். ஒலியும் ஒத்துவருகிறது, பொருளும் ஒத்துவருகிறது. உண்மையா? இல்லையென்றால் எங்கிருந்து வந்தது?

மார்ச் 2, இரவு
இல்லை. பாசம் வடமொழிச் சொல். கயிறு, சுருக்கு என்று பொருள். எமன் கையில் இருப்பது பாசக்கயிறு, உயிரைப் பிணைக்கும் தளை என்று சைவ சித்தாந்தம் சொல்வதும் இதே பாசம்தான். ஆளை ஆளோடு கட்டிப்போடுவதால் அன்புக்கும் அதுவே பெயராகிவிட்டது.

பேஷன் லத்தீனிலிருந்து வருகிறது. 'பத்தியோர்' என்று ஒரு வினை. படுகிறேன், தாங்குகிறேன், எனக்கு இது நேர்கிறது என்று பொருள். அதன் பெயர்ச்சொல் 'பஸ்ஸியோ'. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது, 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததற்குப் பிறகு. நாம் இன்று கேட்கும் 'ஷ' ஒலியும் ஆங்கிலத்தில் பின்னாளில் வந்ததுதான். பின்னோக்கிப் போகப் போக 'ஸ்ஸி' என்று ஆகிவிடும், பாசத்தோடு இருந்த ஒலி ஒற்றுமையும் போய்விடும். இரண்டு சொற்களுக்கு உறவு உண்டா என்று பார்க்க இன்றைய உச்சரிப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, ஒவ்வொன்றின் பழைய வடிவத்தையும் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் குடும்பம் பெரியது. பேஷன்ட், பேஷன்ஸ், பேஸிவ், கம்பேஷன் எல்லாம் இதில்தான் வரும். சிம்பதி, எம்பதியும்.

மார்ச் 3
நேற்று எழுதியதன் கடைசி வரி தவறு. படுக்கப் போன பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. சிம்பதி, எம்பதி இரண்டும் கிரேக்க 'பாத்தோஸ்' என்பதிலிருந்து வந்தவை. பாத்தோஸுக்கும் பஸ்ஸியோவுக்கும் வேர் வேறு. ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று, பொருளும் கிட்டத்தட்ட ஒன்று, ஆனாலும் பிறப்பில் உறவில்லை. கேள்வி கேட்டவருக்கு ஒலியை வைத்து முடிவு கட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு அதே பதிவில் நானே அதைச் செய்திருக்கிறேன், மன்னிக்கவும்.

உறவு பிறகு வந்தது, மொழிபெயர்ப்பால். கிரேக்கத் தத்துவத்தை லத்தீனில் சொல்ல வேண்டியிருந்தபோது பாத்தோஸ் என்பதற்கு என்ன சொல் போடுவது என்பதில் ரோமானியர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ரோமானியப் பேச்சாளரும் எழுத்தாளருமான சிசரோ 'பெர்துர்பாத்தியோ' என்றார், மனக்கலக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். வேறு சிலர் 'அஃபெக்துஸ்' என்றார்கள், இன்னும் சிலர் 'பஸ்ஸியோ' என்றார்கள். இந்த மூன்றையும் கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்டின் ஒரே இடத்தில் வரிசையாகச் சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு இது பெரிய ஆறுதல். ஒரு சொல்லுக்கு மூன்று மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு திண்டாடுவது நம்மோடு தொடங்கியதில்லை.

மார்ச் 5
இந்தச் சொல்மீது எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

நான் மொழிபெயர்ப்புகளுக்கு மெய்ப்புப் பார்த்துப் பிழைக்கிறவன். சில மாதங்களுக்கு முன் இசையைப் பற்றிய ஒரு நூலின் தமிழாக்கம் கைக்கு வந்தது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1727இல் அரங்கேற்றிய பெரிய இசைப்படைப்பு ஒன்று உண்டு, மத்தேயு நற்செய்தியின்படி இயேசு சிலுவையில் பட்டதைப் பாடுவது. அதன் பெயரில் பேஷன் இருக்கிறது. தமிழில் 'புனித மத்தேயுவின் பேரார்வம்' என்று வந்திருந்தது. மொழிபெயர்த்தவர் நல்ல மொழிபெயர்ப்பாளர், மற்ற பக்கங்கள் சுத்தமாக இருந்தன. அகராதியில் பேஷன் என்று தேடினால் முதலில் வருவது பேரார்வம், அதை எடுத்துப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

பென்சிலால் அடித்துவிட்டு 'திருப்பாடுகள்' என்று ஓரத்தில் எழுதினேன். தமிழ்க் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிற சொல் அது. எழுதி முடித்த கை அப்படியே நின்றுவிட்டது. திருப்பாடுகள். பாடு. படு. லத்தீன் விசுவாச அறிக்கையில் 'பஸ்ஸுஸ்' என்று வரும் இடத்தில் தமிழில் 'பாடுபட்டு' என்று இருக்கிறது. அந்த வினையின் எச்சத்துக்கு நேராக நம் வினையின் எச்சம், பொருளில் ஒரு இழை பிசகாமல். யார் முதலில் அதைத் தமிழில் வைத்தாரோ, அவருக்கு இரண்டு மொழியின் உள்ளும் தெரிந்திருக்கிறது.

அன்று மீதிப் பக்கங்கள் ஓடவில்லை.

மார்ச் 6
படு என்பதைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். ஆசைப்படுகிறோம், கோபப்படுகிறோம், வெட்கப்படுகிறோம், பயப்படுகிறோம், பெருமைப்படுகிறோம், பொறாமைப்படுகிறோம், சந்தோஷப்படுகிறோம், இரக்கப்படுகிறோம். தமிழில் ஒருவர் கோபத்தைச் செய்வதில்லை, கோபம் அவர்மேல் வந்து விழுகிறது, அவர் அதைப் படுகிறார். மேலைத் தத்துவத்தில் பஸ்ஸியோ என்ற சொல்லின் மையமே இதுதான். அரிஸ்டாட்டில் எதைப் பற்றியும் சொல்லக்கூடியவற்றைப் பத்து வகையாகப் பிரித்தார். அவற்றில் கடைசி இரண்டு: செய்வது, செய்யப்படுவது. வெட்டுவது, வெட்டுப்படுவது. லத்தீனில் ஆக்ஷியோ, பஸ்ஸியோ. உள்ளத்தில் எழுகிற உணர்ச்சிகளுக்கு பஸ்ஸியோ என்ற பெயர் வந்தது, அவை நாம் செய்பவை இல்லை, நமக்கு நேர்பவை என்ற எண்ணத்தால்.

இலக்கணத்துக்கும் இதே கதைதான். ஆங்கிலத்தில் பேஸிவ் வாய்ஸ் என்பது இந்த வேரிலிருந்து வருகிறது. நாம் அதை என்ன சொல்கிறோம்? செயப்பாட்டுவினை. நடுவில் பாடு உட்கார்ந்திருக்கிறது. பள்ளியில் எத்தனை முறை எழுதியிருப்பேன், ஒரு தடவைகூட அதைப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மார்ச் 6, இரவு
முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு 'பத்தியோர் படுவிலிருந்து வந்தது' என்று யாரும் கிளம்ப வேண்டாம். பாத்தோஸில் நான் விழுந்த குழி அதுதான். இரண்டும் தனித்தனிக் குடும்பத்து மொழிகள், தனித்தனியாக ஒரே எண்ணத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. என்னைக் கேட்டால், ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்பதைவிட இதுதான் பெரிய செய்தி. கண்காணாத தூரத்தில் இருந்த இரண்டு கூட்டத்துக்கு, கோபம் வரும்போது 'இதை நான் செய்யவில்லை, இது எனக்கு நேர்கிறது' என்று ஒரே மாதிரி தோன்றியிருக்கிறது.

மற்ற மொழிகளிலும் இருக்கிறது. ஜெர்மனில் தீவிர உணர்ச்சிக்கு லைடன்ஷாஃப்ட் என்பார்கள், லைடன் என்றால் துன்பப்படுதல். ரஷ்ய மொழியில் ஸ்த்ராஸ்த், அதற்கும் துன்பத்துக்கும் ஒரே வேர்.

மார்ச் 8
எழுத்தைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. ஃபேஷன், அதாவது உடையில் புதுப்பாணி, அதையும் பலர் 'பேஷன்' என்றே தமிழில் எழுதுகிறார்கள். ஆய்த எழுத்தைப் போட்டு எழுதப் பலருக்குப் பொறுமை இல்லை. ஃபேஷன் லத்தீனின் 'செய்' என்ற வினையிலிருந்து வருகிறது, செய்தல், செய்த விதம் என்று பொருள். பேஷன் 'படு' என்ற வினையிலிருந்து. ஆக, செய்வினையையும் செயப்பாட்டுவினையையும் நாம் ஒரே எழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம். இது எனக்கு இரண்டு நாள் சந்தோஷத்தைக் கொடுத்தது.

அப்புறம் பேஷன் ஃப்ரூட். அதற்கும் காதலுக்கும் சம்பந்தமில்லை. அந்தக் கொடியின் பூவை அமெரிக்கக் கண்டத்தில் பார்த்த ஐரோப்பியப் பாதிரிமார் அதில் இயேசுவின் சிலுவைப் பாடுகளைப் பார்த்தார்கள். உள்ளே மூன்று சூல்முடி, அவை மூன்று ஆணி. ஐந்து மகரந்தப் பை, அவை ஐந்து காயம். சுற்றி நிற்கும் நாரிழைகள் முள்முடி. அந்தப் பெயர்தான் பழத்துக்கும் ஒட்டிக்கொண்டது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கு முறையாகப் பெயர் வைத்தபோதும் பாஸிஃப்ளோரா என்றே வைத்தார்.

மார்ச் 9
'துன்பம் எப்படி ஆசையானது' என்ற கேள்விக்கு நான் இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் முதல் பொருள் இயேசுவின் பாடுகள், அப்புறம் நம்பிக்கைக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளின் பாடுகள். 14ஆம் நூற்றாண்டு வாக்கில் மனத்தை ஆட்டிவைக்கும் எந்த உணர்ச்சிக்கும் ஆகிவந்தது, கோபம் உட்பட. கோபத்தில் கொதித்தான் என்பதற்கு 'பேஷனுக்குள் பறந்தான்' என்று சொல்லும் வழக்கு ஆங்கிலத்தில் இன்றும் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் உடல் வேட்கை. 17ஆம் நூற்றாண்டில் ஒரு காரியத்தின்மீது வைக்கும் பெரும் பற்று. இன்று வேலைக்கு விண்ணப்பிக்கும் படிவத்தில்கூட அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.

நடுவில் தத்துவக்காரர்கள் நிறைய உழுதார்கள். ரெனே தெக்கார்த் 1649இல் இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அடிப்படை பேஷன்கள் ஆறு என்றார்: வியப்பு, அன்பு, வெறுப்பு, விருப்பம், மகிழ்ச்சி, துயரம். அந்த நூலின் தொடக்கத்திலேயே ஒன்று சொல்கிறார்: ஒரு நிகழ்ச்சியை, அதை நிகழ்த்துகிறவர் பக்கமிருந்து பார்த்தால் செயல், அது யார்மேல் நிகழ்கிறதோ அவர் பக்கமிருந்து பார்த்தால் பாடு, இரண்டும் ஒன்றேதான், பெயர்தான் இரண்டு. டேவிட் ஹியூம் அடுத்த நூற்றாண்டில், அறிவு பேஷன்களுக்கு அடிமை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்றார். இமோஷன் என்ற சொல் அறிவியல் சொல்லாக மேலே வந்து இந்தப் பெரிய பொதுச்சொல்லை ஓரம்கட்டியது 19ஆம் நூற்றாண்டில்தான். ஓரம்கட்டப்பட்டபோது பேஷனுக்கு மிச்சமானது தீவிரம் மட்டும்.

மார்ச் 10
ஆறு என்றதும் நமக்கு எட்டு நினைவுக்கு வரும். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. தொல்காப்பியம் இவற்றை மெய்ப்பாடு என்கிறது. மெய்யில் படுவது! இதைவிடச் சரியான சொல் பேஷனுக்கு எங்கே கிடைக்கும்?

மார்ச் 11
நேற்றைய உற்சாகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். ஒருவர் சரியாகப் பிடித்தார். மெய்ப்பாட்டில் உள்ள படு, துன்பப்படுவதில் உள்ள படு இல்லை. புலப்படு, வெளிப்படு என்கிறோமே, அந்தப் படு. உரையாசிரியர் பேராசிரியரும், உள்ளத்தில் நடப்பது புறத்தாருக்குத் தெரியும்படி வெளிப்படுவது என்றுதான் விளக்குகிறார். எட்டில் முதல் இரண்டைப் பாருங்கள், நகை, அழுகை. வெளியே தெரிகிற செயலின் பெயரையே உணர்ச்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஆக, தெக்கார்த் உள்ளே போய்ப் பார்த்ததைத் தொல்காப்பியம் வெளியே நின்று பார்க்கிறது. ஒன்றின் மொழிபெயர்ப்பாக இன்னொன்றை வைக்க முடியாது, வாபஸ்.

மார்ச் 13
'பேஷன் என்றால் துன்பம், ஆகவே எதற்காகத் துன்பப்படத் தயாரோ அதுதான் உன் பேஷன்' என்ற வாசகத்தை மூன்று பேர் இங்கே ஒட்டியிருக்கிறார்கள். எனக்கும் ஒரு காலத்தில் அது பிடித்திருந்தது. இப்போது சரியாகப் படவில்லை.

முதலாவது, பத்தியோர் வெறும் துன்பம் இல்லை. நேர்வது எதுவும் அதில் அடங்கும். துன்பப்படுதல் என்பதற்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் ஸஃபர் என்ற சொல்லுக்கே பழைய பொருள்களில் ஒன்று 'இடம்கொடு, விடு' என்பது. 1611இன் ஆங்கில பைபிளில் சிறுபிள்ளைகளை என்னிடம் வர விடுங்கள் என்ற இடத்தில் அந்தச் சொல்தான் நிற்கிறது. நம் படுவும் அப்படியே. வெயில் படுகிறது, கண்ணில் பட்டது, கைபட்டு உடைந்தது, எனக்கு அப்படிப் படுகிறது. தொடுகிறது, வந்து சேர்கிறது, அவ்வளவுதான். அதில் வலி கட்டாயமில்லை.

இரண்டாவது, 'தயார்' என்பது நாம் எடுக்கும் முடிவு. பேஷன் நம்மைக் கேட்டுக்கொண்டு வராது.

மூன்றாவது, ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது அது இன்று என்ன சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்காது. நாற்றம் என்றால் ஒரு காலத்தில் நறுமணமும்தான். அதற்காக யாருக்காவது பூங்கொத்தைக் கொடுத்து நல்ல நாற்றம் என்று சொல்லிப் பாருங்கள்.

மார்ச் 14
நேற்று எழுதிய பிறகு அம்மா நினைவு வந்தது. அம்மா படுத்த படுக்கையாக இருந்த கடைசி மாதங்களில் நான்தான் கூட இருந்தேன். கட்டிலின் கால்பக்கம் ஒரு அட்டை தொங்கும். மேலே பேஷன்ட் என்று அச்சிட்டு, பக்கத்தில் கோடு, கோட்டின்மேல் அம்மா பெயர் நீல மையில். அந்தச் சொல்லும் இதே வேர், படுகிறவர். பொறுமைக்கும் ஆங்கிலத்தில் அதே ஒலியில் அதே வேர்ச்சொல். ஊசி போட வரும் செவிலியர் 'கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா' என்பார். அம்மா சிரித்துக்கொண்டே 'பட வேண்டியது பட்டுத்தானே தீரணும்' என்பார். நான் அப்போது இதையெல்லாம் யோசிக்கவில்லை. அட்டையில் இருந்த சொல்லும் அம்மா வாயில் வந்த சொல்லும் ஒன்றையொன்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தன என்று இப்போதுதான் தெரிகிறது.

பட்டால்தான் தெரியும் என்கிறோம், பட்டறிவு என்கிறோம். கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் இதையே இரண்டு சொல்லில் சொன்னார், 'பாத்தெய் மாத்தோஸ்', பட்டு அறிதல்.

மார்ச் 16
ஆர்வத்தைப் பற்றி நான் எழுதியதில் ஒரு திருத்தம் வேண்டும். பேரார்வம் என்று போட்டதை அடித்தேன் என்று எழுதியபோது, ஆர்வம் ஒரு நீர்த்த சொல், பேஷனின் சூடு அதில் இல்லை என்ற எண்ணம் என் மனத்தில் இருந்தது. இன்றைய வழக்கில் அது உண்மைதான். ஆர்வம் 'காட்டலாம்', வேண்டாம் என்றால் காட்டாமலும் இருக்கலாம். ஆனால் 71ஆம் குறளை எடுத்துப் பாருங்கள். அன்பை அடைத்துவைக்கத் தாழ்ப்பாள் உண்டா என்று கேட்டுவிட்டு, ஆர்வலர் சிந்தும் புன்கணீரே அதை ஊரறியச் சொல்லிவிடும் என்கிறார் வள்ளுவர். ஆர்வலர் என்றால் அங்கே அன்பு வைத்தவர். அடக்கப் பார்த்தும் கண்ணீர் வந்துவிடுகிறவர். இன்று சமூக ஆர்வலர், பறவை ஆர்வலர் என்கிறோம். கண்ணீரில் தொடங்கிய சொல் நாட்டத்தில் வந்து நிற்கிறது, பேஷன் நடந்த அதே பாதைதான். ஆர்வத்தைக் குறைத்து நினைத்தது என் தவறு. பாக்கின் இசைக்கு அது பொருந்தாது என்பதில் மட்டும் மாற்றமில்லை.

மார்ச் 17
'வெறி' என்று போட்டால் என்ன என்று கேட்டவருக்கு: வெறிக்குச் சரியான ஜோடி வேறு. சங்கப் பாடல்களில் வரும் வெறியாட்டு, வேலன் என்ற பூசாரிமேல் முருகன் இறங்கி ஆடுவது. ஆங்கிலத்தின் என்தூசியாஸம் கிரேக்கத்திலிருந்து வந்தது, தெய்வம் உள்ளே இருப்பது என்று பொருள். ஃபனாட்டிக் லத்தீனில் கோயிலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, தெய்வம் ஏறியவன். அதைச் சுருக்கித்தான் ஃபேன் என்றார்கள் என்பர். ரசிகனை வெறியன் என்று நாம் சொல்வது அப்படியே அச்சு அசலாக அது. என்தூசியாஸம் இன்று நல்ல சொல்லாகிவிட்டது, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அது வசைச்சொல், ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் அதைக் கண்டித்து 1700இல் வந்த தன் நூலின் பதிப்பில் தனி அத்தியாயமே சேர்த்தார். வெறி இன்னும் அந்தக் கரையை முழுதாகக் கடக்கவில்லை. பேஷனுக்குப் பதில் அதைப் போட்டால் படிப்பவர் கொஞ்சம் பயப்படுவார்.

மார்ச் 19
சரி, இன்றைய பொருளில் வருகிற பேஷனுக்குத் தமிழில் என்னதான் சொல் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வேட்கை பசியாகத் தொனிக்கிறது, மோகம் மயக்கமாக, பற்று உடைமையாக. பாடு உழைப்பின் பக்கம் போய்விட்டது, பாட்டாளி, பாடுபட்டுச் சேர்த்த பணம். நேற்று இரவு முழுக்க ஒரு தாளில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை இந்தப் பக்கத்தை மேலிருந்து படித்தேன். முதல் கேள்வியின் முதல் வாக்கியத்தில் இருக்கிறது, 'உயிரைக் கொடுத்துச் செய்கிற ஈடுபாடு'. ஈடுபாடு! பாடு அதற்குள்ளேயே இருக்கிறது. கேட்டவர் பேஷனுக்கு விளக்கம் சொல்லத் தன்னையறியாமல் எடுத்த சொல் அது, நாமெல்லாரும் மூன்று வாரமாக அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறோம். ஈடுபாட்டில் ஆளும் போகிறார், அதுவும் ஆளை இழுத்துக்கொள்கிறது. தெக்கார்த் சொன்ன இரண்டு பக்கமும் அதில் நிற்கின்றன.

அதே இசை நூலில் பின்னால் ஓரிடத்தில், இளம் வயலின் கலைஞர் ஒருவர் தன் பேஷனைப் பற்றிப் பேசுவார். அங்கே மொழிபெயர்ப்பாளர் போட்டிருந்த 'ஆர்வம்' என்பதை நான் தொடவில்லை. கோப்பு இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அந்த ஒரு சொல்லை மாற்றி, ஏன் என்று இரண்டு வரி எழுதி, சற்றுமுன்தான் அவருக்கு அனுப்பினேன்.